குருநாதன் ஒதுங்கி நின்ற இடம்

பாம்பனில் வாவு முகம்மதுவின் மரக்கடையில் வட்ட ரம்பம் ஓட்டிய குருநாதனைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. சிக்கல் ஊர்ப்பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட ஆறு வயது இளையவன். உடைத்த பழைய மீன்பிடி வள்ளங்களை விறகாக அறுப்பதுதான் எங்கள் வேலை. அவன் கட்டையைத் தள்ளுவான். மரியதாஸ் என்கிற நான் எதிர்ப்பக்கம் நின்று வாங்குவேன்.

வேட்டியை வரிந்து கட்டாமல் எஞ்சின் பக்கம் போகமாட்டான். ஒவ்வொரு கட்டையையும் தடவி, தட்டி, ஆணி தேடுவான். ரம்பப் பல்லில் மரச்சிம்பு சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, ரம்பம் சுற்றி ஓயும்வரை காத்திருந்து, பெல்ட்டைக் கழற்றித் தன் கழுத்திலேயே மாட்டிக்கொள்வான். யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாதாம். அரம் போட்டுப் பல் தீட்டும்போதும் அப்படித்தான். ஓடும் ரம்பத்துக்கு நேராக ஒருநாளும் நிற்கமாட்டான்; பக்கவாட்டில் ஒதுங்கித்தான் தள்ளுவான்.

“ஏலே, மாமியாரக் கண்ட மருமகளாட்டம் எதுக்கு ஒதுங்குற?” என்று கேலி செய்வேன்.

“பயமா இருக்குண்ணே” என்பான், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சந்தியாகு என்ற மீன்பிடிக்காரன் தன் அய்யாவின் வள்ளத்தை உடைத்துக் கொண்டுவந்தான். ஆணியெல்லாம் பிடுங்கியாயிற்றா என்று குருநாதன் இரண்டு தடவை கேட்டான்.

“புடுங்கியாச்சு.”

எங்கள் கடற்கரை வீடுகளில் வள்ளம் கட்டும்போது, அடிமரமான ஏராக்கட்டையும் முன்பக்க அணியமும் சேரும் பொருத்துக்குள் ஒரு வெள்ளிக்காசு வைத்து மூடுவோம். அதைப் பற்றி வாய் திறந்தால் குடும்பத்துக்கு ஆகாது. சந்தியாகு எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவன் வள்ளத்துக் காசைப் பற்றி எப்படிக் கேட்பது?

ஏராக்கட்டை ரம்பத்தில் பாதி ஏறியபோது சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டான். காசு உள்ளேதான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கத்துவதற்குள் கிரீச்சென்று சத்தம், ஏதோ பறந்தது.

குருநாதன் எஞ்சினை நிறுத்தினான். ரம்பத்துக்கு நேர் எதிரே, அவன் முதுகுப்பக்கம் இருந்த பனந்தூணில், அவன் கண் உயரத்துக்குப் பாதிக் காசு பதிந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினான். பிறகுதான் மரத்தூளில் உட்கார்ந்தான்.

சந்தியாகு அழுதுகொண்டே வழக்கத்தைச் சொன்னான். குருநாதன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அண்ணே, நீங்களும் கடக்கரைதான. ஒங்களுக்குத் தெரியாதா?”

“எங்க தெருவுல அந்தப் பழக்கம் இல்லப்பா” என்றேன்.

நம்பிவிட்டான். அதிலிருந்து வள்ளத்துக் கட்டை வந்தால், கடற்கரைக்காரன் என்று முதலில் என்னிடம்தான் தருவான். பொருத்தையெல்லாம் உளியால் பிளந்து பார்ப்பேன். இன்னும் ஏதாவது இருக்குமோ என்று இன்னொரு தடவையும் தடவுவேன். நான் பார்த்துக் கொடுத்த கட்டை என்றால், போகப்போக, அவன் ரம்பத்துக்கு நேராகவே நிற்கத் தொடங்கிவிட்டான்.

“ஒதுங்கி நில்லுப்பா” என்று ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவேன்.

“நீங்க பாத்ததுதானண்ணே” என்பான்.