ஈப்போவுக்குப் போன ‘ஆங்ஷியஸ்லி’

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிற நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த ஊருக்கு சார் பயணம்?”

எந்த ஊருக்கும் இல்லை. ஈப்போவிலிருந்து வருகிறவர்களை வரவேற்கப் போயிருந்தேன். அவர்கள் வரவில்லை. ஏன் வரவில்லை? சொன்னால் சிரிப்பீர்கள்... ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால்!

ஓவன் ரோட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் சபாபதி. துறைமுகத்தில் வேலை. ஒரே மகள் வசந்தா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கெட்டிக்காரப் பெண். ஆனால் இதுவரை பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, “ஊருக்குப் போய் எழுதறோம்” என்று சொல்லிப் போனதோடு சரி. எழுதவே இல்லை.

அதனால் ஈப்போவிலிருந்து ஒரு ஸ்கூல் வாத்தியாரின் ஜாதகம் பொருந்தி வந்தபோது, அந்த வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசிக்கொண்டார்கள். சத்தம் கேட்டால் மாப்பிள்ளை பயந்து ஓடிவிடுவார் என்பதுபோல.

‘ஞாயிறு காலை ரயிலில் வருகிறோம், சௌகரியம்தானா?’ என்று ஈப்போக்காரர்கள் தந்தி அடித்துக் கேட்டிருந்தார்கள். பதில் தந்தி கொடுக்க வேண்டும். வாருங்கள் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் வீட்டில் கோவிந்தராஜு இருந்தாரே!

கோவிந்தராஜு, சபாபதியின் மனைவிக்குத் தம்பி. கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க். குடும்பத்தில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட எல்லாமே அவர் பொறுப்பு.

“‘வெல்கம்’னு போட்டுடேன்பா,” என்றார் சபாபதி.

“அது கால்மிதியில எழுதறது அத்தான்! சம்பந்தி வீட்டுக்குப் போற தந்தியில போடலாமா?”

“அப்ப, ஆவலாக் காத்துக்கிட்டிருக்கோம்னு வர்ற மாதிரி ஏதாச்சும் போடு.”

கோவிந்தராஜு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகத்தில் ஒளி!

“எங்க துரை லண்டனுக்கு அடிப்பாரு பாருங்க... ‘ஆங்ஷியஸ்லி அவெய்ட்டிங்’! என்னா வெயிட்டான வார்த்தை தெரியுமா!”

துரை அதை எப்போது அடிப்பார்? வர வேண்டிய கப்பல் வராமல், சரக்கு என்ன ஆயிற்றோ என்று கையைப் பிசைகிற நேரத்தில்தான். கோவிந்தராஜு வார்த்தையைக் கவனித்தார். துரையின் முகத்தைக் கவனிக்கவில்லை. வசந்தா வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் தந்தி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய காரில் சபாபதியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கினார்கள். வேட்டி கட்டிய ஒவ்வொருவரையும் பார்த்து சபாபதி கை கூப்பினார். அவர்களும் பாவம், யாரென்று தெரியாமலே பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் பிளாட்பாரத்தில் நாங்கள் இருவரும் போர்ட்டர்களும்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வசந்தாவின் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். பட்டுப்புடவையும் தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையுமாக நின்ற வசந்தா மட்டும், “பஜ்ஜி ஆறுது. எல்லாருக்கும் குடுங்கம்மா,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் தட்டை எடுத்தவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

தெருமுனை மளிகைக்கடையில் டெலிபோன் உண்டு. ஈப்போவில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஜவுளிக்கடை. அங்கேயும் டெலிபோன் இருக்கிறது, மாடியிலேயே மாப்பிள்ளை வீட்டாரின் குடித்தனம். டிரங்க்கால் போட்டோம். கூடவே கோவிந்தராஜு வந்தார், வசந்தாவும் வந்தாள். டிரங்க்காலில் ஈப்போக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் தெரியுமல்லவா? டெலிபோனே தேவையில்லை. கடையில் பருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

“மறைக்காமச் சொல்லுங்க! பொண்ணுக்கு என்ன?” என்றார் தாய்மாமன்.

“ஒண்ணுமில்லீங்களே!” என்றார் சபாபதி.

“அப்புறம் எதுக்குக் கவலை? கவலையோட காத்துக்கிட்டிருக்கோம்னு நீங்கதானே தந்தி அடிச்சீங்க? நானே டிக்‌ஷனரியைப் பார்த்தேன். கவலை, கலக்கம், மனக்கிலேசம்னு போட்டிருக்கு! பொண்ணு பார்க்க வர்றவங்களை எவனாவது மனக்கிலேசத்தோட கூப்பிடுவானா?”

கடையில் இருந்த அத்தனை பேரும் கோவிந்தராஜுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

“அது ஆபீஸ் இங்கிலீஷ் லா! ரொம்ப மரியாதையான வார்த்தை!”

“உங்க ஆபீஸ்ல என்ன, பொண்ணா பார்க்கிறாங்க?”

அப்போதுதான் வசந்தா கையை நீட்டி ரிசீவரை வாங்கினாள்.

“ஐயா, நான் வசந்தா பேசறேன். அவங்க பக்கத்துல இருக்காங்களா? கொஞ்சம் குடுங்க.”

தினமும் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் ‘ஹோல்ட் த லைன் ப்ளீஸ்’ என்று நிறுத்திவைக்கிற குரல் அது. தாய்மாமன் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். சபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

“தந்தி கொடுத்தது எங்க மாமா. எனக்குத் தெரியாது,” என்றாள் வசந்தா. “ஆனா அந்த வார்த்தை தப்பில்லீங்க. உங்களை நான் போட்டோவிலதான் பார்த்திருக்கேன். எப்ப வருவீங்கன்னு ஆசையாவும் இருந்துச்சு. முன்னாடி வந்தவங்க மாதிரி பார்த்துட்டுப் போயிடுவீங்களோன்னு பயமாவும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்ததுதானே அது? நீங்க வாத்தியார். நீங்களே சொல்லுங்க.”

ஈப்போ மௌனம். கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே நின்றார். சபாபதி கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் பேசாமல் இருப்பார்?

திடீரென்று லைனுக்குள் மூன்றாவதாக ஒரு பெண் குரல்!

“சார், ஆன்சர் ப்ளீஸ்! ஷீ ஈஸ் வெயிட்டிங்!”

வசந்தாவோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற தோழியாம். நடுவில் பேசக்கூடாதுதான். ஆனால் அவளும் மனுஷிதானே?

அந்த அதட்டலில் மாப்பிள்ளைக்கு வாய் திறந்தது.

“எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. கிளம்புற நேரத்துல மாமா வேணாம்னுட்டார். கட்டி வச்ச பெட்டி அப்படியே இருக்கு. இன்னும் பிரிக்கலை.”

“அப்ப தூக்கிக்கிட்டு வாங்க,” என்று சொல்லி வசந்தா ரிசீவரை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆவல் வேறு, கவலை வேறு என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கிறோம். நிஜத்தில் அப்படியா இருக்கிறது? பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையனைக் கேளுங்கள். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற புருஷனைக் கேளுங்கள். கவலையே இல்லாமல் எதற்காவது காத்திருந்தோம் என்றால், அது வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே அர்த்தம்?

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் வந்தார்கள். கோவிந்தராஜுவும் தாய்மாமனும் அன்று முழுவதும் தமிழிலேயே பேசிக்கொண்டார்கள். தையில் கல்யாணம் என்று முடிவாகியிருக்கிறது.

அன்று ஸ்டேஷனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். “பொண்ணு ஸ்டேஷனுக்குப் போறதா?” என்று அவள் அம்மா தடுத்தும் கேட்காமல் வசந்தாவும் வந்திருந்தாள். மாப்பிள்ளை ரயிலிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்து, “ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்லையே... இப்பத்தான் வந்தோம்,” என்றாள் வசந்தா.

பொழுது விடிவதற்கு முன்பே என் கதவைத் தட்டி, காரை எடுக்கச் சொன்னவள் அவள்தான். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்!