நிலவைப் பொதுச் சொத்து என்று எழுதியபோது

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஹட்டன் டவுனில் அச்சகம் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், கலியாணக் கார்டுகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவே மாதச் சஞ்சிகை ஒன்றும் நடத்தினார். அதற்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் பாடசாலை விட்டுப் போனபோது ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினார்.

“டீச்சர், சந்திரன்ல மண்ணத் தோண்டி கரண்டு எடுக்கப் போறாங்களாம். புள்ளைகளுக்கு விளங்குற மாதிரி போட்டுத் தாங்களேன்.”

சூரியனிலிருந்து காலங்காலமாக வந்து படிந்த ஹீலியம்-3 என்ற வாயு நிலவின் மண்ணில் இருக்கிறது. பூமியில் அது மிக அரிது. மண்ணைச் சூடாக்கி அதைப் பிரித்து இங்கே கொண்டுவந்தால், அணுக்கரு இணைவு உலைகளுக்கு எரிபொருளாகும். அப்படி ஓர் உலை இன்னும் எங்கும் இல்லை என்பதையும் கட்டுரை ஒளிக்கவில்லை. அந்தப் பாதியைச் சிரமமில்லாமல் முடித்துவிட்டேன். அந்த எரிபொருள் யார் கையில் இருக்க வேண்டும் என்ற மறுபாதியில்தான் மாட்டிக்கொண்டேன். நிலவு எல்லோருக்கும் பொது, உலக நாடுகள் கூடி ஒரு சபை வைத்து மேற்பார்க்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. சொந்தமில்லாத மண்ணில் எவன் முதல் போடுவான், தோண்டத் தெரிந்த கம்பனிக்கே கொடுங்கள் என்றது மற்றத் தரப்பு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரல் வெடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“யாரு போயித் தோண்டுவா?”

“மெசினுதான். ஆளுங்க தேவையில்லையாம்.”

“நல்லதாப் போச்சு. அங்கயாவது, தாத்தாமார இந்தியாவுலருந்து கொண்டாந்த மாதிரி, நம்மளக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோக மாட்டாங்க.” அவள் சிரிக்கவில்லை.

‘நிலவு பொதுச் சொத்து’ என்ற வரி வந்ததும் கையை நிறுத்தினாள்.

“அந்தச் சொல்லப் போடாத.”

“ஏன்க்கா?”

“தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்பவும் இதத்தான் சொன்னாங்க. இனிமே வெள்ளக்காரன் தோட்டம் இல்ல, பொதுச் சொத்துன்னு. அந்த நேரந்தான் அரிசியில்ல, மாவில்ல. தம்பி பசியில செத்ததும் அப்பத்தான். ஒனக்கு ஞாபகம் இருக்காது.”

எனக்கு ஞாபகம் இல்லை. தம்பியின் முகம்கூட.

“அப்ப கம்பனிக்குக் குடுக்கிறதுதான் சரின்னு எழுதட்டுமா?”

“இப்ப கம்பனிகிட்டதான இருக்கு? கூரயப் பாரு.” ஒழுகும் இடத்தில் வாளி இருந்தது. “எனக்கு அலுப்பா இருக்கு. நீ எதையாவது எழுது.”

அவள் படுத்துக்கொண்டாள். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள், எங்களோடு விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டரிடம் காட்டினேன்.

“‘மானிட குலத்தின் பொது உரித்து’ எண்டு போடுங்கோ டீச்சர். சொத்து எண்டா விக்கலாம். உரித்து எண்டா விக்கேலாது.”

அவர் சொன்னது சரி. அப்படியே எழுதினேன். அந்தச் சொல் அக்காவைச் சுடாது என்ற நினைப்பும் இருந்தது. அவளுக்கு அது விளங்கவே விளங்காது என்பதையும் அறிந்திருந்தேன்.

கடைசியில், மூலத்தில் இல்லாத ஒரு பந்தியை, நாலைந்து வரிகளை, நானாகச் சேர்த்தேன். ஒரே மலையை வெள்ளைக்காரக் கம்பனியும் அரசாங்கமும் மறுபடி கம்பனியும் ஆண்டதை இங்கே பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் காணி உறுதிப் பத்திரத்தில் பெயர்தான் மாறியது, தீர்மானிக்கிற மேசையில் எங்கள் ஆட்கள் யாரும் உட்காரவில்லை. ஆகவே நிலவு யாருக்கு என்று கேட்பதற்கு முன், அதை முடிவு செய்ய யார் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். இவ்வளவுதான். எழுதி முடித்தபோது மலை ஏறி இறங்கியது போல உடம்பு கனத்தது.

சஞ்சிகை தீபாவளிக்கு முன்னால் வந்தது. தோண்டுகிற கதை படத்தோடு இருந்தது. மறுபாதி முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டிருந்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர்,” என்றார் நானா. உண்மையிலேயே வருந்தினார். “வெளம்பரம் இல்லாட்டி புக்கே இல்ல. மத்தது நல்லா வந்திருக்குத்தானே?”

நல்லா வந்திருக்கு என்றேன். சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தேன். ஆனால் வெளியே மழை. பஸ் பிடிக்க வேண்டும். பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடந்தன.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

“நீ சொந்தமா எழுதுனதையுமா எடுத்துட்டாங்க?”

“ஆமா.”

அடுப்பிலிருந்து தேத்தண்ணியை இறக்கி, எனக்கு முதலில் ஊற்றினாள். “எனக்கு வாசிச்சுக் காட்டலியே அத,” என்றாள். நினைவிலிருந்து சொன்னேன். முழுக்கக் கேட்டாள். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆள், அன்று சீக்கிரம் படுக்கவில்லை.

அடுத்த வருடம் சஞ்சிகை நின்றுபோனது. கையெழுத்துப் பிரதியை நானா திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பந்தியில் சொன்னதை இன்றைக்கும் நம்புகிறேன். மறுபடி உட்கார்ந்து எழுதத்தான் தெம்பு வரவில்லை.