பெயர் வைக்காத வாசனை

மலையடிவாரத்து ஊரில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். வேலை அப்படி. சரிவில் இருக்கும் தங்கும் விடுதிக்கு நகரத்திலிருந்து வருகிறவர்களை அவர் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போவார். எந்தக் கீரையைத் தின்னலாம், எந்தக் காளானைத் தொடவே கூடாது, நனைந்த காட்டில் எந்தச் சுள்ளி பற்றும், மழை வந்தால் நாலு கிளையை வைத்து எப்படி ஒதுங்குவது என்று சொல்லிக் கொடுப்பார். பறித்ததை ஓடைக்கரையில் சமைத்துத் தின்ன வைத்து, பொழுது சாய்வதற்குள் கீழே கொண்டுவந்து சேர்ப்பார். மற்ற வழிகாட்டிகள் பார்த்துச் சொல்வதை இவர் முகர்ந்தே சொல்லிவிடுவார். புதருக்குப் பின்னால் காளான் இருந்தால் போதும், கழுகுக்கு மூக்கில் வியர்த்த மாதிரி அங்கே போய் நிற்பார்.

அந்த மூக்கு போன குளிர்காலத்தில் போய்விட்டது.

காய்ச்சல் வந்தது, படுத்தார், எழுந்தார். காலில் தெம்பு திரும்பியது, பசி திரும்பியது, கட்டிப்போன குரல்கூடத் திரும்பியது. வாசனை மட்டும் வரவில்லை. "வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்க" என்றார் மருத்துவர். இதைச் சொல்ல ஒரு மருத்துவரா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினார் மூக்கர். தினமும் காலையில் மனைவி பின்கட்டில் துணி ஊறவைக்கும் நேரமாகப் பார்த்துக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். வெறும் காற்றுதான் வரும். மூடி வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதவர் போலச் செருப்பை மாட்டிக்கொள்வார்.

யாரிடமும் சொல்லவில்லை. முகர முடியாத மூக்கரை நம்பி யார் காட்டுக்குள் வருவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மனிதர் அதையும் மறைத்துக் காட்டினார். எப்படியென்றால், கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு இலையைக் காட்டி, "நான் சொல்ல மாட்டேன். நீங்க மோந்து பார்த்துச் சொல்லுங்க, என்ன வாசனை?" என்பார். வந்தவர்களுக்கு ஒரே குஷி. ஒருவர் சோம்பு என்பார், ஒருவர் புதுப் புத்தகம் என்பார், ஒரு அம்மா எங்கம்மா அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மூக்கர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். அடடா, என்ன அருமையாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று விடுதியில் பேர் இன்னும் கூடிப் போனது. அடுத்த வீட்டுக் கல்யாணத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்கிறவன் போல அவர் நின்றது யாருக்குத் தெரியும்?

காட்டு வாசனைகள் போனதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. போனதில் ஒன்று வீட்டில் இருந்தது.

அவர் மனைவி கடைத்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். ஒரு அறை, ஒரு நீள மேசை, அதன்மேல் கருகல் திட்டு விழுந்த கம்பளி, கம்பி நிறைய ஊரார் சட்டைகள். ஊருக்கு அவள் இஸ்திரியக்கா. கல்யாணத்துக்கு முன்னால் மூக்கர் ஒரு சட்டையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இந்தச் சட்டை எந்த அடுப்புல வெந்துச்சு? துவைச்சுட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். துவைத்துக்கொண்டு போனார். அப்போது மேசைக்கு மேல் குனிந்து அவள் சட்டையை வாங்கியதில் ஒரு வாசனை வந்தது. சோப்பு உண்டு, இஸ்திரிச் சூட்டில் ஆவியாகும் தண்ணீர் உண்டு, இரண்டுக்கும் அடியில் இன்னொன்று. மலையில் இருக்கிற அத்தனைக்கும் பெயர் சொல்கிற மனிதருக்கு அதற்கு மட்டும் பெயர் அகப்படவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் போனவர்தான் அவளையே கட்டிக்கொண்டார்.

கட்டிக்கொண்ட பிறகும் கண்டுபிடிக்கவில்லை. சமையலறையில் அவள் நிற்கும்போது பின்னால் வந்து கழுத்தில் மூக்கை வைத்து, "மழைக்கு முந்தி மண்ணு... இல்ல. இப்பத்தான் ஒடிச்ச குச்சி... அதுவும் இல்ல" என்று இழுப்பார். "இன்னும் பேர் வைக்கலையா? பிள்ளைங்க பேரெல்லாம் வெச்சு, அதுங்க வேலைக்கே போயாச்சு" என்பாள் அவள். "அவசரம் என்ன, நீ எங்க போகப்போற" என்பார் அவர். அவள் எங்கும் போகவில்லை. மூக்குதான் போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகப் போய் அந்தக் கழுத்தில்தான் முகத்தை வைத்தார். சுவரில் வைத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பேராவது வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியாவது ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நடைபாதையில் தனியாக வரும்போதெல்லாம் ஏங்கினார்.

இப்படியே ஓடியிருக்கும், காட்டுப்பூண்டு துளிர்க்கும் பருவம் வராமல் இருந்திருந்தால்.

காட்டுப்பூண்டு தரையோடு படர்ந்து கிடக்கும். கசக்கினால் பூண்டு மணம் வரும் என்பார்கள். ரொட்டியோடு அப்படியே தின்னலாம். அதன் நடுவிலேயே அச்சு அசலாய் அதே இலையோடு இன்னொரு செடி வளரும். அதற்கு மணம் கிடையாது. வழிகாட்டிகள் அதை ஊமை இலை என்பார்கள். வயிற்றுக்குள் போனால் ஆளைத் தூக்கிவிடும். முன்பெல்லாம் மூக்கர் இலையைத் தொடவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரவர் பறித்ததைக் குனிந்து முகர்ந்து, சரி என்றால்தான் கூடையில் விழும். பூண்டு பட்ட கையோடு முகர்ந்தால் மூக்கு ஏமாந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம்.

அன்றைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். "பறிச்சவங்களே மோந்து பாருங்க. பூண்டு வாசனை வந்தா கூடையில போடுங்க" என்றார். நகரத்து வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா பம்பரமாய்ச் சுழன்று பறித்தார். "பூண்டு! இதுவும் பூண்டு! மூக்கரே, இதுவும்!" பாறைக்கு அந்தப் பக்கம் வரை போய் ஒரு கை நிறையக் கொண்டுவந்தார். கூடை நிறைந்தது.

ஓடையில் இலையை அலசும்போது மூக்கர் கையில் ஒரு காம்பு தட்டுப்பட்டது. ஒரே காம்பில் இரண்டு இலை. காட்டுப்பூண்டுக்கு ஒரு காம்புக்கு ஒரு இலைதான். இரண்டு இருந்தால் ஊமை இலை. கூடையைக் கிளறினார். பாதிக்கு மேல் காம்பில்லாமல் கிள்ளிய இலைகள். எது எதுவென்று பிரிக்க வழியே இல்லை. கூடையோடு தூக்கிக் கரையோரத்து ஒரு குழியில் கொட்டினார்.

"ஐயையோ, ஏங்க கொட்டுறீங்க?" என்று ஓடிவந்தார் வங்கி அம்மா.

"இதுல வேற இலை கலந்திருக்கு. விஷம்."

"நான் ஒவ்வொண்ணா மோந்து பார்த்துத்தான் போட்டேன்!"

"உங்க விரலை மோந்து பாருங்கம்மா."

அந்த அம்மா முகர்ந்தார். முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. குழியிலிருந்து ஒரு இலையை எடுத்து மூக்கர் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்ப நீங்களே மோந்து சொல்லுங்க. உங்க கையிலதான் பூண்டே படலையே. இது எது?"

மூக்கர் இப்போதுதான் கூடைக்குள் கையை விட்டு அளைந்திருந்தார் என்பதை அந்த அம்மா மறந்திருந்தார். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்ததுதான். சுற்றிலும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற முகங்களைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அசந்திருந்தால் இவர்கள் எல்லாருக்கும் விஷத்தைத் தின்னக் கொடுத்திருப்போமே என்று நினைத்தபோது நாக்கு அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது.

"எனக்குத் தெரியாதுங்க. போன குளிர்காலத்துல இருந்து எனக்கு எந்த வாசனையும் வர்றதில்ல" என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாரும் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பேசாமல் இறங்கினார்கள். விடுதி மேலாளரிடம் மூக்கரே போய்ச் சொன்னார். மேலாளர் நல்ல மனிதர். "உங்களை விட மனசில்ல. ஆனா மூக்கில்லாம அனுப்பவும் மாட்டேன். எங்கயாவது ஒரு மூக்கைப் பிடிச்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனார். மனைவி ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மூக்குதானா?" என்றாள்.

"என்ன மூக்குதானா?"

"திரிஞ்ச பாலைக் குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வெச்சப்பவே சந்தேகம். ஆனா மனுசன் இந்தப் பக்கமே வர்றதில்லயே, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் வேற கணக்குப் போட்டுட்டேன். வயசாச்சு, சலிச்சுப் போச்சு போலன்னு."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு, ஆமான்னுட்டா?"

தன் துக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்ததில் இவளுக்கு இன்னொரு துக்கத்தைக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வழக்கமான குரலில், "ஒரு மூக்குதான வேணும்? என் மூக்குக்கு என்ன குறை? இந்த ஊர்ல யார் யார் வீட்டுக்குத் தெரியாம சிகரெட் பிடிக்கிறாங்கன்னு சட்டையை மோந்தே சொல்லுவேன்" என்றாள்.

அடுத்த நடைக்குக் கடையைச் சாத்திவிட்டு அவளும் கிளம்பினாள். காட்டுக்குள் வந்து பழக்கமில்லாத மூக்கு. ஆனாலும் தப்பவில்லை. அவர் கண்ணால் காட்டுவார், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவாள். ஒரு காளானை முகர்ந்து, "மழைக்காலத்து ஈர சாக்ஸ்" என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. அவர் சொன்ன அடையாளத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு இலையை முகர்ந்துவிட்டு, "இது வாயே திறக்கல. வேண்டாம்" என்றாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வீட்டில் அவரைக் கேலி பண்ணுகிறவள், இங்கே ஒரு வார்த்தை அப்படிச் சொல்லவில்லை.

கூட்டத்தை விடுதியில் விட்டபின் இரண்டு பேருமாக இறங்கினார்கள். ஊர் தெரிகிற திருப்பத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்கள். அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த மரப்பட்டையில் பிசின், அதோ அந்தப் பூவில் லேசாகத் தேன், உங்க சட்டையில புகை, வழக்கம்போல. ஒவ்வொன்றையும் அவர் வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். மனதுக்குள் அது அது அங்கங்கே எழுந்து நின்றது. கடைசியாகக் கேட்டார்.

"உன் வாசனை?"

அவள் முழங்கையை மடக்கி முகர்ந்தாள். முந்தானையை முகர்ந்தாள். "சோப்பு. இஸ்திரி" என்றாள்.

"அதுக்கு அடியில ஒண்ணு இருக்குமே."

இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். தலையசைத்தாள். "என் வாசனை எனக்கு எப்படிங்க வரும்? அது உங்ககிட்டதான் இருந்துச்சு."

மூக்கர் ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி அதைச் சொல்ல உலகத்தில் ஆளில்லை. அவள் தலையைச் சாய்த்து, கழுத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"வரலைன்னாலும் வாங்க" என்றாள்.

அவர் குனிந்து முகத்தை அங்கே வைத்தார். கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணை மூடி மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் வரவில்லை. முகத்தை எடுக்காமல் இன்னொரு மூச்சு இழுத்தார்.