நாளைக்கும் சேர்த்துக் குளித்தவன்

"இன்னாய்யா இது, நாளைக்குக் குளிச்சிட்டியா நீ?"

சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்று என் மனைவி கேட்டாள். காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, ராயபுரத்துத் தெருக்களில் விற்று முடித்து, அப்போதுதான் காலிக் கூடையோடு வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். செதில் ஒட்டிய விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு போனாள்.

"பொதங்கெயம குளிச்சிகீற. வெள்ளிக்கெயம மாத்திர துன்னுகீற. சனிக்கெயம யாராண்டயோ பேசிகீற. இன்னிக்கு செவ்வாக்கெயமதான்யா."

நான் கட்டிலில் படுத்தபடியே, "அட்வான்ஸ்" என்றேன்.

"டபாய்க்காத. குளிக்கிறதுல இன்னாய்யா அட்வான்ஸு?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நான் செவ்வாய்க்கிழமைக்கே குளித்திருக்கவில்லை.

அந்தத் தாள் என்ன தாள் என்று சொல்லிவிடுகிறேன். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். அந்தச் சமயத்தில் ஓட்டவில்லை. கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் டிரெய்லர்களின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன். விபத்து எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் பாரத்தைத் தூக்கியபடி வழியின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தூங்கவில்லை. எதையும் யோசிக்கவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள், ஹாரன் அடித்தார்கள். வேறு யாருக்கோ அடிக்கிறார்கள் என்று இருந்தது எனக்கு. கடைசியில் சூப்பர்வைசர் ஏறி வந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

"எறங்கு நைனா. ஒனக்கு ஒடம்பு செரியில்ல."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப அத்தவிடப் பெரிசா எதுவோ செரியில்ல."

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். மனச்சோர்வு என்றார். கூடவே, கவனம் ஓர் இடத்தில் நிற்காத கோளாறும் இருக்கிறது என்றார். "ஒண்ணு உங்கள எந்திரிக்க விடாது. எந்திரிச்சுட்டா இன்னொண்ணு வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிடும்." என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மாத்திரை எழுதினார். தூக்கம், மாத்திரை இரண்டும் ஒழுங்காக நடந்தால், வண்டி ஓட்டலாம் என்று தானே கடிதம் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் வராமல் சாவி கிடையாது என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டியது அந்தச் சாவி. வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை, சோறு உட்பட. என் வண்டியை இன்னொருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். கேட்டில் உட்கார்ந்தபடி அவன் பிரேக் மிதிக்கும் அழகைப் பார்ப்பேன். வயிறு எரியும்.

இதற்கிடையில் அறிவுரை சொல்ல ஊரே வந்தது. நல்லதையே நினை என்றார்கள். நல்லதை நினைக்கத் தெரிந்தால் நான் எதற்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறேன்? பீச்சுக்குப் போய்க் காற்று வாங்கு என்றார்கள். எங்கள் பக்கத்தில் பீச் என்றால் கருங்கல் குவியல். உட்கார்ந்தால் பேன்ட் கிழியும். எண்ணூர்ப் பக்கம் போய் ஆலைப் புகையோடு காற்று வாங்கினால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் தோன்றும்.

டாக்டரம்மா மட்டும்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். தினமும் செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டு, செய்ததும் டிக் அடிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து எழுதினேன். பல் துலக்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். படித்துப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டேன்.

மறுநாள் கேட்டு அறையில் யார்டு ஃபார்ம் கட்டு ஒன்று கிடந்தது. காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஓட்டுகிறவன் சரிபார்த்து டிக் போட வேண்டிய தாள். டயர், தண்ணீர், ஆயில், பேட்டரி, பிரேக், ஹாரன், வாஷிங், கசிவு என்று வரிசையாக இருக்கும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட வேண்டும். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் அவிழ்க்கக் கூடாது. அது யார்டு சட்டம்.

யார்டில் பெரும்பாலானவர்கள் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் டிக் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை டயரில் காற்று இருக்கும் என்று திங்கட்கிழமையே தெரிந்த ஞானிகள். நான் அப்படிச் செய்ததில்லை. இத்தனை வருடத்தில் என் வண்டிக்குப் பொய் டிக் போட்டதே இல்லை. பல் துலக்க மறந்த காலையிலும் அதன் ஆயிலைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டைப் பார்த்தபோது இதுதான் மண்டையில் அடித்தது. வண்டிக்குச் செய்கிறவன் எனக்கு ஏன் செய்யவில்லை? நானும் காலையில் கிளம்பாத ஒரு வண்டிதானே?

ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். தலைப்பு எதையும் மாற்றவில்லை. பேட்டரி என்றால் தூக்கம். தண்ணீர் என்றால் தண்ணீர்தான். ஆயில் என்றால் மாத்திரை. வாஷிங் என்றால் குளியல். டயர் என்றால் செருப்பு மாட்டித் தெருமுனை வரைக்கும் போய் வருவது. பிரேக் என்றால் எழுந்ததும் செல்போனைத் தொடாமல் இருப்பது. ஹாரன் என்றால் ஒரு மனுஷனிடமாவது வாய் திறந்து பேசுவது. கசிவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதினேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். அது போதும்.

இது வேலை செய்தது. ஏன் என்றும் சொல்கிறேன். டயரில் காற்று இறங்கினால், "ஒனக்கு இன்னா கொறச்சல், ஏன் இப்பிடி கீற" என்று டயரை யாரும் கேட்பதில்லை. காற்று அடிப்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் முதல் வாரத்திலேயே மற்றவர்களின் வித்தையை என்மேல் காட்டிவிட்டேன். வண்டிக்குப் போடாத பொய் டிக்கை எனக்குப் போட்டுக்கொண்டேன். அதில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவளிடம் மாட்டினேன்.

அன்றிலிருந்து பேனா அவளிடம் போய்விட்டது. காசு போட்டு இடுப்பில் செருகும் சுருக்குப் பையில் பேனாவையும் போட்டுக்கொண்டாள். அவள் வீட்டுக்கு வந்து விசாரணை முடிந்தால்தான் டிக். குளித்தேன் என்றால் சோப்பைத் தொட்டுப் பார்ப்பாள். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். யாரிடமாவது பேசினேன் என்றால், யாரிடம், என்ன பேசினாய், அதற்கு அவன் என்ன சொன்னான் என்று போகும். போலீஸ் ஸ்டேஷனே தேவலாம்.

பொய்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. சில நாள் உண்மையாகவே குளிக்கத்தான் கிளம்புவேன். ஒருநாள் துண்டைத் தோளில் போட்டேன். கீழே தண்ணி லாரி ஹாரன் கேட்டது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வரிசையில் பக்கெட்டை வைத்தேன். எதிர்த் திண்டில் கேரம் ஆடுகிறவர்களில் ஒருத்தன் ரெட் காயைக் கேவலமாக அடித்தான். அப்படி அடிக்கக் கூடாது என்று காட்டப் போனேன். காட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் பைக்கைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். ஓட்டிப் பார்க்கலாம் வா என்றார். மதியம் நான் யானைக்கவுனியில் நின்றுகொண்டிருந்தேன், தோளில் துண்டோடு. பக்கெட்டை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

"எங்கய்யா பக்கெட்டு?" என்றாள் சாயங்காலம்.

"லாரியாண்ட வச்சேன்."

"குளிச்சியா?"

"அதுக்குத்தான் போனேன்."

"குளிக்கப் போய் பக்கெட்ட தொலச்ச ஆளு இந்த ஊர்லயே நீதான்யா." சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாஷிங் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். ஹாரன் கட்டத்தில் டிக் போட்டாள். "நாலு பேராண்ட பேசிகீற. அது ஞாயம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்தக் கட்டமும் நடக்கவில்லை. எழ முடியவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் என் உடம்பை வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும். "சிவப்பு அட்டை" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் தன் சிவப்பு ரிப்பனை எடுத்துக் கட்டில் காலில் கட்டினாள். என்னைப் பார்க்க வந்த அண்ணனை வாசலிலேயே நிறுத்தினாள். "வண்டி ரிப்பேருல கீது. அப்பால வா." உள்ளே வந்து கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காசிமேட்டுக்குக் கிளம்புமுன் ரிப்பனை அவிழ்த்தாள். "கட்டினவங்கதான அவுக்கணும்? நான்தான கட்டினேன்? எந்திரி." எழுந்தேன். சட்டம் என்றால் சட்டம்.

இப்படிச் சில மாதம் ஓடியது. டாக்டரம்மா கேட்டபோது தாள்களை எடுத்து நீட்டினேன். சுருக்குப் பைப் பேனாவின் புண்ணியத்தில் எல்லாத் தாளிலும் மீன் வாடை. அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நிறைய இடத்துல பெருக்கல் இருக்கே."

முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"எல்லாமே டிக்கா இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். பேட்டரி, ஆயில் இரண்டு வரிசையையும் மட்டும் இன்னொரு முறை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, தாளையும் நிறுத்தக் கூடாது என்றார்.

மறுநாள் காலையில் கடிதத்தை வாங்கிப் படித்த சூப்பர்வைசர் சாவியைக் கையில் கொடுத்தார். "போ நைனா. ஒன் பொண்டாட்டி ஒனக்காக வெயிட்டிங்" என்றார், வண்டியைக் காட்டி.

போனேன். சீட்டில் பிரியாணிப் பொட்டலம் கிடந்தது. ஃபார்மைப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் டிக், இன்னும் வராத சனிக்கிழமை உட்பட. எல்லாம் ஒரே சாய்வு, ஒரே மை, ஒரே மூச்சில் போட்டது. அந்தச் சாய்வு எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்குக் குளித்தவனின் சாய்வு அது.

இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டயர் சரி. ஆயில் குறைவு, ஊற்றினேன். பிரேக் பரவாயில்லை. ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் என் தோஸ்துதான். வயரைத் தொட்டுப் பார்த்தான். "உப்புக் காத்துல கனெக்‌ஷன் துரு புடிச்சி பூடுச்சி மாமு. ஹாரனும் போச்சு. பார்ட்ஸு வர்றதுக்கு நாளாவும். நீ ஓட்டு. ஒனக்கின்னா, வாயே ஹாரன்தான?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை மாதமாக இந்தச் சாவிக்காகக் கஞ்சி குடித்தேன், சோப்பைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். இப்போது ஏறி உட்கார்ந்து ஓட்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. சிவப்பு அட்டையை எடுத்து ஸ்டியரிங்கில் கட்டினேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னா நைனா, காலங்காத்தால பேஜாரு பண்ற? நேத்து வரிக்கும் வண்டி வண்டின்னு அழுத. குடுத்தா கட்டிப் போடுற!"

"ஹாரன் அடிக்கல."

"இம்மா நாளா அடிக்காமதான் ஓடிச்சு!"

"ஓட்டினவன் டிக் போட்டுகீறான். நீ கையெழுத்துப் போட்டுகீற. முதுகைக் காட்டிட்டு எவனாவது நடந்தான்னா அவனுக்கு யார் டிக் போடுறது?"

இன்னும் நிறையப் பேசினேன். அதையெல்லாம் அச்சில் போட முடியாது. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவிழ்க்கவில்லை. "வாய் தொறக்காம கேட்ல குந்திகினு இருந்தப்ப நல்லாத்தான்யா இருந்த" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மறுபடியும் கேட்டுக்கே போய் உட்கார்ந்து டிரெய்லர் நம்பர் எழுதினேன்.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மனைவி பேனாவை எடுத்து, ஹாரன் கட்டத்தில் கட்டத்தை விடப் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

சில நாளில் பார்ட்ஸ் வந்தது. மெக்கானிக் மாட்டிவிட்டு என் காதருகில் வேண்டுமென்றே அழுத்தினான். அட்டையை நானே அவிழ்த்தேன். ஏறினேன். தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். ஆபீஸ் ஜன்னலிலிருந்து சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். பாரத்தைத் தூக்கினேன், கொண்டுபோய் வைத்தேன், திரும்பினேன். வழியின் நடுவில் நிற்கவில்லை. ஒருமுறை நிற்கலாம் போலத்தான் இருந்தது. நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"வண்டி எடுத்தியா?"

"எடுத்தேன்."

"ஹாரன் அடிச்சிதா?"

"காது கிழிஞ்சிடுச்சு."

"காலைல குளிச்சியா?"

நான் சுவரைப் பார்த்தேன். வண்டி எடுக்கும் அவசரத்தில் மறந்தே போயிருந்தேன்.

"எய்தவா? நாளைக்குக் குளிச்சாச்சுன்னு?" என்றாள் பேனாவைத் திறந்தபடி.

துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். குளியலறைக் கதவில் கை வைத்தபோது கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. பக்கெட்டுகள் படியில் இடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பேனாவை நீட்டிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.