தண்ணீரில் நொண்டாதவர்

குழம்பு போதும் என்பதை லா ஹமிது வாயால் சொல்வதில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவார். கடலுக்கடியில் 'எல்லாம் நலம்' என்பதற்கான சைகை அது. அவர் மனைவி வா சீனா அகப்பையைப் பிடித்தபடியே கேட்பாள்: "என்னப் பாத்தா ஒங்க வெள்ளக்காரியாட்டம் தெரியுதா? வாயத் தொறந்துதான் சொல்லுங்களேன்."

பண்டா என்ற எரிமலைத் தீவுகளில், சுத்தியல் போன்ற தலைகொண்ட கொம்பன் சுறா பார்க்க வருகிறவர்களை ஆழத்துக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். கரையில் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த மனிதரா இவர் என்று இருக்கும். எரிமலைக் குழம்பு ஓடிய சரிவில், பவளத்தின் மேல் விரல்கூடப் படாமல் வழுக்கிக்கொண்டு போவார்.

முன்பு வாயில் காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு கடல் அட்டை எடுத்தவர். அவசரமாக மேலே வந்து வந்து ரத்தத்தில் காற்றுக் குமிழி ஏறி, கால் கெட்டது. இனி ஒருமுறை ஆழம் போனால் எழுந்து நடக்க மாட்டாய் என்று அம்போன் நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆழம் போனால் வலி நின்றுவிடுகிறதே, அதற்கு டாக்டர் என்ன சொல்வார்? "கடல் குடுத்த வலிய கடல்தான் வாங்கிக்கும்" என்பார் ஹமிது. அவரோடு முங்கியவர்கள் எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைதான் வா சீனாவின் தம்பி லா ஜமியை முடக்கியது. போன வருடம் அவன் கால் மரத்துப்போய் மேலே வந்தான். அம்போன் ஆஸ்பத்திரிக்குப் போக, கப்பல் துறையில்தான் நின்றது. ஹமிது அவனைக் கப்பலில் ஏற்றவில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டி மறுபடி ஆழத்துக்கே கொண்டுபோனார். அங்கே ஜமிக்கு வலி போய்விட்டது, சிரிக்கக்கூடச் செய்தான். பொழுது சாய்வதற்குள் இடுப்புக்குக் கீழே கட்டையாகிப்போனான். இப்போது ஹமிதின் வீட்டில்தான் கிடக்கிறான். தினமும் காலையில் அவனைக் கழுவித் துடைத்துவிடுவது ஹமிதுதான். ஜமி ஒரு வார்த்தை திட்டுவதில்லை. அதுதான் ஹமிதுக்குத் தாங்கவில்லை.

இந்த ஐப்பசியில் சுறாக்கள் வந்தன, பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள். வா சீனா துறையோரம் ஜாதிக்காயைப் பரப்பிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அவனுக்கு நீங்க இருக்கீங்க. ஒங்களையும் சேத்துத் தூக்க எனக்குத் தெம்பில்ல." படகிலேயே உட்கார்ந்திருப்பேன், இளசுகள் முங்கட்டும் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

அன்று வந்த பெண் ஒருத்தி, சுறா நிச்சயம் தெரியுமா என்று கேட்டாள். "மேல தெரியாது. அடியில இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஹமிது. அவர் சுறாவுக்காகப் போகவில்லை, வலியில்லாத அந்தக் கொஞ்ச நேரத்துக்காகப் போகிறார் என்று வா சீனாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பரப்பிய ஜாதிக்காயையே மறுபடி பரப்பினாள்.

படகு விளிம்பில் ஏற இடது கால் எழவில்லை. ஹமிது குனிந்தார். முழங்காலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துக் காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். பிறகு நிமிர்ந்து, அந்தப் பெண் ஏறுவதற்குக் கை நீட்டினார்.