ஓடாத திருடன்

என் தம்பி டெலியோ அமெரிக்காவில் போர்த்துக்கீசியர் குடியேறிய எங்கள் ஃபால் ரிவர் ஊரில் கடைசிவரை ரொட்டி வேன் ஓட்டினான். போன தவக்காலத்தில் இறந்தான். பத்திரிகையில் ‘ரொட்டி விநியோகம் செய்தவர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அவன் ஒரு சினிமாவும் எடுத்தவன்.

பரிசுத்த ஆவித் திருவிழா ஊர்வலத்தில் வரும், ஊரே வணங்கும் வெள்ளிக் கிரீடத்தை ஒருவன் திருடுகிறான். கொலம்பியா தெருவில் ஓடும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். இதுதான் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்தான். திருடனாக நடித்த குவால்டெர் மில்லில் சாயம் போடுகிறவன்.

நிஜக் கிரீடத்தைத் தர திருவிழாச் சங்கத் தலைவர் மறுத்துவிட்டார். “திருடன் கையில குடுக்கவாடா? உங்கப்பா இருந்தா இத வந்து கேப்பியா?”

நான் கூரைத் தகடு அடிப்பவன். காப்பி டின்களை வெட்டி அதேபோல ஒரு கிரீடம் செய்துகொடுத்தேன். பரிசுத்த ஆவியின் அடையாளமாக உச்சியில் இருக்கும் புறாவுக்கு ஒவ்வொரு இறகாக ஆணி முனையால் கீறினேன்.

டெலியோ திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அண்ணே, இவ்வளவு நல்லா செஞ்சா இதையே எவனாவது திருடிருவான்.”

கடைசிக் காட்சிக்கு ஒரு சுருள் ஃபிலிம்தான் மிச்சம் இருந்தது. கேமராவை ரொட்டி வேனுக்குள் மறைத்து வைத்தோம். குவால்டெர் கிரீடத்தோடு ஒரு வீட்டிலிருந்து பாய்ந்து வந்தான். மீன்கடை வாசலில் நின்றிருந்த எடுவீனாம்மாள் அதைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நடைபாதையிலேயே மண்டியிட்டாள். முடிதிருத்தும் கடை வாசலில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். குவால்டெரின் ஓட்டம் தளர்ந்தது. கிரீடத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஊர்வலத்தில் போவதுபோல நடக்கத் தொடங்கினான்.

“நிறுத்துடா, ஃபிலிம் போகுது!” என்றேன்.

“சும்மா இருண்ணே.” டெலியோ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுருள் தீரும்வரை எடுத்தான்.

குவால்டெர் வியர்த்துப்போய் வேனுக்கு வந்தான். “மன்னிச்சிருடா டெலியோ. ஓட வரல.”

“தகரம்டா அது!” என்றேன்.

“எனக்குத் தெரியும்ணே. காலுக்குத் தெரியலையே.”

மறுநாள் ரொட்டி கொடுக்கப் போனபோது டெலியோ எடுவீனாம்மாளிடம் உண்மையைச் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் என்ன தகரத்துக்கா மண்டி போட்டேன்? போடா. இந்த ரொட்டி இன்னைக்குள்ளதுதானா?”

பாஸ்டனில் படங்கள் வாங்கி வெளியிடுகிற ஒருவர் முழுப் படத்தையும் பார்த்தார். “நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா திருடன் ஓடணும், குண்டடி படணும். முடிவ மட்டும் திரும்ப எடுத்துட்டு வாங்க, நாடு முழுக்கப் போட்டுர்றேன். ஃபிலிமும் நானே தர்றேன்.”

ஊர் திரும்பும்போது டெலியோதான் வேனை ஓட்டினான்.

“ஒரு நாள் வேலைடா. தெருவ அடைச்சிட்டு எடுத்துரலாம்” என்றேன்.

“எடுத்துரலாம். ஆனா அந்தம்மா மண்டி போட்டது படத்துல இருக்காதேண்ணே.”

அந்த முடிவை அவன் திரும்ப எடுக்கவேயில்லை. மறுநாள் விடியுமுன் ரொட்டி ஏற்றப் போய்விட்டான்.

படம் ஒரே ஒருமுறை, எங்கள் சங்க மண்டபத்தில் ஓடியது. தலைவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றான். கடைசிக் காட்சியில் கிரீடம் தெருவுக்கு வந்ததும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலில் எழுந்தவர் தலைவர். அப்புறம் மண்டபமே எழுந்து நின்றது. அத்தனை தலைகளுக்குப் பின்னால் நின்ற டெலியோவுக்குத் திரையே தெரியவில்லை.

அவனும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.