ரொட்டிக்கு நான்கு நிமிடம்

டெல்மர் ஹூபெக் எடுத்த படங்களில் ஆட்கள் சாப்பிட்டார்கள். அவன்மேல் இருந்த ஒரே புகார் அதுதான்.

ஆண்களைப் பார்க்க ஆண்கள் வரும் படங்களை 1972-இல் சான் பிரான்சிஸ்கோவில் பத்துப் பன்னிரண்டு பேராவது எடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் படத்தில் ஒருவன் வருவான், கதவைத் தட்டுவான், சட்டையைக் கழற்றுவான், அப்புறம் நடக்க வேண்டியது நடக்கும், படம் முடியும். டெல்மர் படத்தில் வந்தவன் காலணியை ஓரமாக விட்டுவிட்டு வயிற்றைத் தடவிக் காட்டுவான். படத்தில் பேச்சு கிடையாது, பின்னால் ஒரு டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓடும், அவ்வளவுதான். ஆகவே பசியைத் தடவித்தான் காட்டியாக வேண்டும்.

ஊர் நெப்ராஸ்கா. சோளக்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. கடற்படையில் சேர்ந்து நான்கு வருடம் கப்பல் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்தான். பிறகு இன்னொரு மாலுமியோடு பிடிபட்டான். சீருடையைப் பிடுங்கிக்கொண்டு இந்த ஊர்த் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். எந்த ஊரில் இறக்கிவிடுகிறோம் என்று கடற்படை கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

அதற்கப்புறம் பதினாறு வருடமாக யூனியன் சதுக்கத்துப் பெரிய துணிக்கடை ஒன்றில் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடும் வேலை. பொம்மைக்குக் கோட்டு மாட்டினால் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பையும் வைப்பான். கோப்பை எதுக்கு என்று மேலாளர் கேட்டபோது, "கோட்டைக் கழட்டினதும் இவன் என்ன பண்ணுவான்னு தெரிய வேண்டாமா சார்" என்றான். மேலாளர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் தட்டும் கோப்பையுமாக இருந்தது.

படம் எடுக்க ஆரம்பித்தது முப்பத்தைந்து வயதில். கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவர் வேண்டாமென்று விற்ற பதினாறு மில்லிமீட்டர் காமிராவில் இரண்டு படம் எடுத்து, இப்போது மூன்றாவது. அதன் நடுவில் நான்கு நிமிடத்துக்கு ஒரு காட்சி. காலை நேரம், சமையலறை, இரண்டு ஆண்கள். ஒருவன் ரொட்டி வாட்டுகிறான். ஒரு துண்டு நன்றாக வருகிறது, ஒரு துண்டு கருகுகிறது. கருகியதைத் தொட்டிமேல் பிடித்துக் கத்தியால் சுரண்டுகிறான், இரண்டுக்கும் மூலைவரை வெண்ணெய் தடவுகிறான், இருவரும் சாப்பிடுகிறார்கள். முடிந்தது.

"நம்ம படத்துல எவனுமே காலைல எழுந்திரிக்கறது இல்ல. அதைக் கவனிச்சியா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தான். யாரும் கவனித்திருக்கவில்லை.

நடித்தவர்களில் ரே என்பவன் டிராலி பஸ் ஓட்டுகிறவன், வயது நாற்பதை ஒட்டி. ரொட்டி வாட்டிய ஹெக்டர் சலவைக்கடை வைத்திருந்தான். இருவருக்கும் ஒருவரையொருவர் ஆகாது. ஆனாலும் படுக்கைக் காட்சியை அரைமணியில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ரொட்டிக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

"இன்னொரு தடவையா? யோவ், நாலு பாக்கெட் பிரெட் தீஞ்சு போச்சுய்யா" என்றான் ஹெக்டர்.

"தீயணும். ஆனா நீயா தீய விட்ட மாதிரி தெரியக்கூடாது."

"அவுத்துப் போட்டு நில்லுன்னு சொல்லு, நிக்கறேன். இவனுக்கு வெண்ணெ தடவிக் குடுக்கறதுதான் கூச்சமா இருக்கு."

"அந்தக் கூச்சம்தான் வேணும். அப்படியே தடவு" என்று சொல்லிக் காமிராவை முடுக்கினான் டெல்மர்.

படம் போட வேண்டிய இடம் அட்மிரல் தியேட்டர். முதலாளி ஸ்டாவ்ரோ, கிரேக்கர், மனைவியும் நான்கு பெண் பிள்ளைகளும் உள்ளவர். ஆறு வருடமாக இந்த மாதிரிப் படங்கள்தான் அங்கே ஓடின. அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வாசல் கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பூசணி விதையைக் கொறித்தபடி, உள்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அந்தக் கதவின் கீலுக்கு அவர் எண்ணெய் போட விட்டதே இல்லை. அலுத்துப் போனவன் எழுந்து வெளியே வருவான், கதவு கிறீச்சிடும். எந்த நிமிடத்தில் எத்தனை கிறீச் என்று ஸ்டாவ்ரோ மனதுக்குள் குறித்துக்கொள்வார். ஒரே காட்சியில் மூன்று கிறீச் வந்தால், மாடியில் புரொஜக்டர் ஓட்டும் லோனியைக் கூப்பிட்டு, "கத்திரி" என்பார். படத்தை எடுத்தவன் அழுதாலும் கத்திரிதான். வெட்டிய துண்டு குப்பைத் தொட்டிக்குப் போகும்.

"நாலு நிமிஷம் ரொட்டியா?" என்றார் அவர், டெல்மர் சுருளைக் கொண்டுவந்தபோது.

"சுரண்டுறதும் இருக்கு."

"வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக் காட்சி. கதவு என்ன சொல்லுதுன்னு பாப்பம்."

டெல்மர் தியேட்டரைவிட்டு நேரே கடைக்குப் போய், தொப்பிப் பிரிவில் இருக்கும் ஆர்வில்லைப் பிடித்தான். ஆர்வில்லுக்கு ஐம்பது வயது, ஆள் ஆறடி. தெரிந்தவர்களுக்கெல்லாம் மகாராணி; அவனுக்கும் கூட்டாளி ஆண்கள் எல்லாரும் 'அடி', 'அவள்'தான்.

"நீங்க அஞ்சாறு பேர் வந்து உக்காந்தா போதும். எழுந்திரிக்காம இருக்கணும், அவ்வளவுதான்."

"என்னடி இது, உக்காந்திருக்கறதுக்கு ஆள் புடிக்கறியா? அந்த நாத்தத்துலயா?"

"இது சினிமா, மகாராணி. கலை. முதல் காட்சி. மரியாதையா டிரஸ் பண்ணிட்டு வாங்க."

"அப்ப டை கட்டிருவோம். என்னமோ ஆஸ்கருக்குக் கூப்புட்ட மாதிரியே சொல்றா பாரு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான் ஆர்வில். ஆனால் அன்று மாலையே கோட்டைச் சலவைக்குப் போட்டான்.

டை கட்டிய ஆறு பேர் அட்மிரலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று டெல்மர் யோசித்திருக்க வேண்டும். பதினாறு வருடம் ஆண்களுக்கு உடுத்திவிட்டவன். யோசிக்கவில்லை.

அந்தத் தியேட்டருக்கு வருகிறவர்கள் ஆளுக்கு நாலு நாற்காலி விட்டுத்தான் உட்காருவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள், யாரோடும் பேசமாட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் ஒரே கூட்டம் போலீஸ். டை கட்டிக்கொண்டு டிக்கெட் வாங்கி உள்ளே வருவார்கள், பாதிப் படம் பார்ப்பார்கள், ஒருவன் எழுந்து கத்துவான், விளக்குப் போடுவார்கள், அகப்பட்டவர்களை வண்டியில் ஏற்றுவார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது அது நடக்கும்.

வெள்ளிக்கிழமை ஆறு டையும் நடு வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. ரொட்டிக் காட்சி வந்தது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஹெக்டர் மூலைவரை வெண்ணெய் தடவினான், ஆர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆறடியும் எழுந்து நின்று, "அருமை! அருமை!" என்று கத்திக் கைதட்டினான். மற்ற ஐவரும் எழுந்து தட்டினார்கள்.

கதவு ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்புறம் மூடவே இல்லை. தொப்பியால் முகத்தை மறைத்தவர்கள், கோட்டைத் தலைக்கு மேல் போட்டவர்கள், ஒரு காலில் மட்டும் செருப்பு உள்ளவர் என்று பத்தொன்பது பேர் ஸ்டாவ்ரோவைத் தாண்டித் தெருவுக்கு ஓடினார்கள். மாடியில் லோனி படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரும்பு ஏணி வழியாகப் பின்சந்தில் குதித்தான். சோதனை வந்தால் முதலில் படத்தைக் காப்பாற்று என்பது அவனுக்கு முதலாளி இட்ட கட்டளை. படத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு மதுக்கடையில் ஒரு மணி நேரம் இருந்தான்.

"பத்தொன்பது" என்றார் ஸ்டாவ்ரோ. "ஆறு வருஷத்துல நான் எண்ணினதே இல்ல இப்படி."

"அது ரொட்டியால இல்ல. டையால" என்றான் டெல்மர்.

"கதவுக்குக் காரணம் தெரியாது."

மகாராணி நெற்றியில் கைவைத்துக்கொண்டு டிக்கெட் கூண்டில் சாய்ந்து நின்றான். "என் தப்புதாங்க முதலாளி. எனக்கு அழுகை வந்துருச்சு."

"இந்தப் படத்துக்கா?" ஸ்டாவ்ரோ விதை கொறிப்பதை நிறுத்தினார்.

"அந்தப் பய சுரண்டினான் பாருங்க, அதுல."

அவர் ஆர்வில்லை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டெல்மர் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை பகல். ஒரே ஒரு தடவை. இந்த ஆளுங்க தெரு முனையில நின்னாக்கூட நான் போட மாட்டேன். மூணு பேர் வெளிய வந்தா லோனி வெட்டிருவான்" என்றார்.

ஞாயிறு காலை டெல்மர் தன் அறையில் சுருளைப் பிரித்து உட்கார்ந்தான். அந்தத் துண்டு ஒன்றுதான் இருந்தது. மூலப் படச்சுருளும் அதுவே, போடும் படமும் அதுவே. இன்னொரு பிரதி எடுக்க வசதி இல்லை. வெட்டிக் குப்பையில் போட்டால், பதினோரு தடவை கருக்கியதில் தேறிய ஒரே கூச்சமும் குப்பைக்குப் போகும். ஹெக்டர் இனி வரமாட்டான், ரேயும் வரமாட்டான், டெல்மருக்கும் இன்னொரு தடவை அது வராது.

காட்சியைக் குறுக்கிப் பார்த்தான். இரண்டு நிமிடத்தில் ரொட்டி வெறும் ரொட்டியாக இருந்தது. கடைசியில் வைத்துப் பார்த்தான். எல்லாம் முடிந்தபின் யார் உட்காரப் போகிறார்கள்? முதலில் வைத்தாலும் அதே கதை, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சிகரெட் பிடிக்க எழுந்து போவார்கள். ஆட்கள் எந்த நேரத்தில் எழுந்து போகவே மாட்டார்கள்?

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. படுக்கைக் காட்சியை எடுத்தான். ரே ஹெக்டரின் சட்டையின் மூன்றாவது பொத்தானில் கைவைக்கும் இடத்தில் வெட்டினான். அங்கே நான்கு நிமிட ரொட்டியைப் பசை போட்டு ஒட்டினான். ரொட்டி முடிந்த இடத்தில் நான்காவது பொத்தானை ஒட்டினான். ஓட்டிப் பார்த்தான். ராத்திரி வருவதற்குள் காலை வந்து போயிருந்தது. தப்புதான். ஆனால் பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் அந்த இருவரும் எவ்வளவு நாள் ஒன்றாக இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. முன்னால் வைத்திருந்த இடத்தில் அது தெரியவில்லை.

திங்கள் பகல் உள்ளே இருபத்திரண்டு பேர். டெல்மர் கூடத்தில் ஸ்டாவ்ரோ பக்கத்தில் நின்றான். உள்ளே போகப் பயம்.

டேப்பில் ஓடிய பியானோவை வைத்து இடம் தெரிந்தது. மூன்றாவது பொத்தான். "ஆரம்பிச்சிருச்சு" என்றான்.

ஸ்டாவ்ரோ கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடத்தில் நாற்காலி ஒன்று முனகியது. டெல்மர் கதவையே பார்த்தான். கிறீச். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், கழிப்பறைப் பக்கம் விறுவிறுவென்று போனார்.

"ஒண்ணு" என்றார் ஸ்டாவ்ரோ.

"அது ஒண்ணுக்குய்யா."

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

வழுக்கைத் தலைக்காரர் இன்னும் பேன்ட்டைச் சரிசெய்து முடிக்காமல் ஓட்டமாகத் திரும்பி உள்ளே போனார். ஸ்டாவ்ரோ கொஞ்சம் யோசித்தார். "சரி, இது கணக்குல இல்ல" என்றார்.

மூன்றாவது நிமிடம் போனது. நான்காவதும் போனது. பியானோ மாறியது, நான்காவது பொத்தான். இருபத்திரண்டு பேரும் உள்ளேயே இருந்தார்கள். ஸ்டாவ்ரோ கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டார்.

"உள்ள என்னதான்யா நடக்குது?"

"சாப்பிடறாங்க."

"ம்" என்றார். மாடியைப் பார்த்து, "லோனி! தொடாதே!" என்று கத்தினார்.

படம் முடிந்து ஆட்கள் எப்போதும்போல ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி வெளியேறினார்கள். டெல்மர் சுவரோடு ஒதுங்கி நின்றான். கடைசியில் வந்த இருவரில் ஒருவர் வழுக்கைத் தலைக்காரர், மற்றவர் கையில் மதிய உணவுப் பெட்டி வைத்திருந்த கிழவர். இருவருமே வருடக்கணக்காக வருகிறவர்கள், ஒருநாளும் பேசிக்கொண்டவர்கள் இல்லை.

வழுக்கைத் தலைக்காரர் நின்றார். "நான் நடுவுல வெளிய வந்துட்டேன்" என்றார், முகத்தைத் திருப்பாமலே. "தீஞ்ச துண்டு யாருக்குப் போச்சு?"

"தடவினவனே எடுத்துக்கிட்டான். நல்லது மத்தவனுக்கு" என்றார் கிழவர்.

"அப்படியா."

"இருபத்தாறு வருஷமா எங்க வீட்டுல தீஞ்சது எனக்குத்தான் வருது" என்றார் கிழவர்.

வழுக்கைத் தலைக்காரர் தலையாட்டினார். ஒருவர் இடது பக்கமும் ஒருவர் வலது பக்கமும் போனார்கள். டெல்மருக்கு இரண்டு மணிக்குள் கடையில் ஒரு பொம்மைக்கு மழைக்கோட்டு மாட்டியாக வேண்டும். அவன் டிராலி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.